வழக்கறிஞர் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

அண்மையில் வந்த கடிதங்களில் பல, வழக்கறிஞரிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் எழுதியவை. அவற்றுள் ஐந்தை, எழுதியவர்களின் அடையாளம் வெளிப்படாதவாறு சுருக்கி இம்முறை எடுத்துக்கொள்கிறேன். இங்கே தரப்படுபவை பொதுவான விளக்கங்கள் மட்டுமே. உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் உங்கள் வழக்கைப் பற்றி எவராலும் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது.

கேள்வி: என் தந்தை உயில் எழுதாமல் காலமானார். அவருடைய சொத்துகளை நிர்வகிப்பதற்கான நீதிமன்ற ஆணையைப் பெற்றுத் தருவதாகச் சொன்ன வழக்கறிஞரிடம் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பணம் கட்டினோம். ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. அலுவலகத்தை அழைத்தால், “சார் கோர்ட்டில் இருக்கிறார்” என்கிறார்கள். வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டதற்கான நீலக் குறி விழுகிறது, பதில்தான் வருவதில்லை. புகார் செய்யலாம் என்றால், “வக்கீலைப் பகைத்துக்கொண்டால் காரியம் கெட்டுவிடும்” என்று அம்மா தடுக்கிறார். இது தொழில் ஒழுங்கை மீறிய செயலாகுமா? யாரிடம் முறையிடுவது?
– வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் தாயாரின் அச்சம் நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் இருப்பதுதான். மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட தலைமுறை அது. ஆனால், உங்கள் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. அதைச் சொல்லவேண்டியது அவருடைய கடமை என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது.

சிங்கப்பூரில் வழக்கறிஞர்களின் நடத்தையை நெறிப்படுத்தும் 2015ஆம் ஆண்டின் தொழில்நடத்தை விதிகளில் ஐந்தாவது விதியை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும், போதிய அக்கறையோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும், வேலை எந்த அளவில் இருக்கிறது என்பதை அவ்வப்போது தெரிவிக்க வேண்டும், உரிய நேரத்தில் ஆலோசனை சொல்ல வேண்டும், கட்சிக்காரர் கேட்டால் தாமதமின்றிப் பதில் தர வேண்டும், சந்திப்பதாகச் சொன்ன நேரத்தில் சந்திக்க வேண்டும் என்றெல்லாம் அது விதிக்கிறது. ஆகவே, மாதக்கணக்கில் பதில் சொல்லாமல் இருப்பது, வேலை உள்ளுக்குள் நடந்துகொண்டிருந்தாலும்கூட, தன்னளவிலேயே ஒரு குறைதான்.

அதே வேளையில், தாமதம் எல்லாமே வழக்கறிஞரின் தவறு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. தந்தைக்குத் தமிழ்நாட்டில் நிலம் இருந்து அதன் ஆவணங்கள் வரவேண்டியிருக்கலாம். வாரிசுகளில் ஒருவர் கையொப்பமிடாமல் இருக்கலாம். வங்கி விவரம் தர நாளெடுத்திருக்கலாம். தவறு எங்கே தொடங்குகிறது என்றால், அந்தக் காரணத்தைக்கூட உங்களிடம் சொல்லாமல் விட்ட இடத்தில்தான். காரணமே இல்லாமல் கோப்பு மேசையில் கிடந்திருந்தால் அது இன்னும் பெரிய தவறு.

முதல் வேலையாக, தொலைபேசியை ஒதுக்கிவிட்டு எழுத்தில் கேளுங்கள். வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்த நிறுவனத்தின் மூத்த பங்குதாரருக்கும் அதன் பிரதியை அனுப்புங்கள். கோபம் வேண்டாம். “என் தந்தையின் சொத்து நிர்வாக ஆணைக்கான விண்ணப்பம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டுவிட்டதா? ஆம் எனில், விண்ணப்ப எண்ணையும் தாக்கல் செய்த தேதியையும் தெரிவியுங்கள். இல்லையெனில், காரணம் என்ன, எங்களிடமிருந்து இன்னும் என்ன தேவை? நாங்கள் செலுத்திய 3,500 வெள்ளியில் இதுவரை எதற்கு எவ்வளவு செலவானது? ஏழு நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம்” என்ற அளவில் எழுதினால் போதும். விண்ணப்ப எண்ணைக் கேட்பது மிக முக்கியம். இங்கே நீதிமன்ற ஆவணங்கள் மின்னியல் முறையில் தாக்கலாகின்றன. தாக்கல் செய்திருந்தால் எண் இருக்கும்; எண் இல்லையென்றால், தாக்கலாகவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

இப்படி ஒரு மின்னஞ்சல் போனதும் நகரத் தொடங்கும் கோப்புகள் பல உண்டு. அதற்கும் அசையவில்லை என்றால் வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் சார்பில் செயல்பட வழக்கறிஞருக்கு அதிகாரம் தந்து நீங்கள் கையொப்பமிட்டுக் கொடுத்த ‘வாரண்ட் டு ஆக்ட்’ உங்களை ஆயுளுக்கும் கட்டிவைக்கும் பத்திரமன்று; அதை எப்போது வேண்டுமானாலும் நீங்கள் முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கட்டணம் பாக்கியிருந்தால், அது தீரும்வரை கோப்பைத் தம்மிடம் நிறுத்திவைத்துக்கொள்ளும் உரிமை பழைய வழக்கறிஞருக்குப் பொதுவாக உண்டு. எனவே கணக்கைத் தெளிவாகக் கேட்டு வாங்கிக்கொண்டு மாறுவது நல்லது.

முறையீட்டுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் வழக்கறிஞர்களின் அமைப்பான சிங்கப்பூர் சட்டச் சங்கத்தில்தான் தொடங்குகின்றன என்றாலும் அவற்றின் நோக்கம் வேறு. ஒன்று, வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 75பி பிரிவின்கீழ், சேவை போதிய தரத்தில் இல்லை என்று செய்யும் முறையீடு. இதில் சங்கம், வாங்கிய கட்டணத்தைக் குறைக்கவோ திருப்பித் தரவோ உத்தரவிடலாம். தவற்றை வழக்கறிஞர் தம் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்றும் சொல்லலாம். மற்றொன்று, 85ஆம் பிரிவின்கீழ் அவருடைய நடத்தையைப் பற்றிச் செய்யும் புகார். அது ஒழுங்கு நடவடிக்கைக்கான பாதை. அதன் முடிவில் அவர் தண்டிக்கப்படலாம், ஆனால் உங்கள் கைக்கு ஒரு வெள்ளிகூட வராமல் போகலாம். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், உங்களுக்கு வேண்டியது ஆணை கிடைப்பதும் பணத்துக்குக் கணக்குத் தெரிவதும்தான். முதல் வழியே உங்களுக்குப் பொருந்தும். நம் வாசகர்களில் பலர் இரண்டாவது வழியை மட்டுமே கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது.

கேள்வி: தேக்காவில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். சரக்கு தந்தவர் 68,000 வெள்ளி பாக்கி என்று என்மீது வழக்குத் தொடுத்தார். அவர் அனுப்பிய மிளகாயில் பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்திருந்தது, படங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நான் கேட்டபோதெல்லாம் “விசாரணை தள்ளிப்போயிருக்கிறது” என்றார். இப்போது எனக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, அதை நிறைவேற்றும் உத்தரவும் வந்திருக்கிறது. அவர் எதிர்வாதமே தாக்கல் செய்யவில்லையாம். அவர்மேல் புகார் கொடுத்தால் தீர்ப்பு ரத்தாகுமா?
– வாசகர், சிராங்கூன் சாலை

பதில்: ஆகாது. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் இந்த வாரம் நீங்கள் எதைச் செய்கிறீர்கள் என்பது இதைப் பொறுத்தே இருக்கிறது. வழக்கறிஞர்மீது எடுக்கப்படும் ஒழுங்கு நடவடிக்கை, நீதிமன்றம் உங்களுக்கு எதிராக வழங்கிய தீர்ப்பைத் தொடாது. தீர்ப்பை நீக்கவேண்டுமானால், அதை வழங்கிய நீதிமன்றத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதையும் உடனே செய்ய வேண்டும். புகாரை அடுத்த மாதம்கூட எழுதலாம். இந்த விண்ணப்பம் அடுத்த மாதத்துக்குக் காத்திருக்காது.

நடந்தது என்ன என்பதைச் சற்று விளக்குகிறேன். 2022 ஏப்ரல் முதல் நடப்பிலிருக்கும் புதிய நீதிமன்ற விதிகளின்படி, சிங்கப்பூருக்குள் வழக்கு ஆவணங்களைப் பெற்றுக்கொண்ட பிரதிவாதி, வழக்கை எதிர்க்கப்போவதாக 14 நாள்களுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்; கோரிக்கை அறிக்கை கிடைத்த 21 நாள்களுக்குள் எதிர்வாதத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், சாட்சி விசாரணை எதுவுமின்றி எதிர்த்தரப்பு தீர்ப்புப் பெற்றுவிடலாம். உங்கள் மிளகாய்ப் படங்களை எந்த நீதிபதியும் பார்த்து ஒதுக்கவில்லை. அவை நீதிபதியின் கண்ணுக்கே போகவில்லை.

அத்தகைய தீர்ப்பை நீக்கக் கோரும்போது நீதிமன்றம் முக்கியமாகப் பார்ப்பது, உங்களிடம் வாதிடத் தகுந்த எதிர்வாதம் இருக்கிறதா என்பதைத்தான். தாமதம் ஏன் ஏற்பட்டது, தீர்ப்பு தெரிந்தபின் எவ்வளவு விரைவாக வந்தீர்கள் என்பவையும் கணக்கில் வரும். “தவறு என் வழக்கறிஞருடையது” என்று சொல்வது மட்டும் போதாது, ஏனெனில் அவர் உங்கள் சார்பில் நின்றவர். அவருடைய தவறு எதிர்த்தரப்பைப் பொறுத்தவரை உங்கள் தவறாகவே எண்ணப்படக்கூடும். ஆகவே, வேறொரு வழக்கறிஞரை இன்றே அமர்த்தி, படங்கள், சரக்கு ரசீதுகள், சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிய செய்திகள், பழைய வழக்கறிஞர் உங்களுக்கு அனுப்பிய ஒவ்வொரு செய்தி ஆகிய எல்லாவற்றையும் அவரிடம் கொடுங்கள். தீர்ப்பை நிறைவேற்றுவதை இடைக்காலமாக நிறுத்திவைக்கவும் அவர் கேட்பார்.

தீர்ப்பு நீங்கவில்லை என்றாலோ, நீங்கியும் உங்களுக்குச் செலவு ஏற்பட்டிருந்தாலோ, பழைய வழக்கறிஞர்மீது கவனக்குறைவுக்காக நட்டஈடு கேட்டுத் தனி வழக்குத் தொடுக்கலாம். இங்கு தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். எனவே வென்றால் பணம் வருமா என்ற கவலை பெரும்பாலும் வேண்டியதில்லை. காலவரம்புச் சட்டப்படி இத்தகைய வழக்குக்கு வழக்கமான கெடு ஆறு ஆண்டுகள். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு: எதிர்வாதம் தாக்கலாகியிருந்தால் நீங்கள் வெல்லக்கூடிய வாய்ப்பு இருந்தது என்பதையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். தோற்கவே வேண்டிய வழக்கை வழக்கறிஞர் கைவிட்டிருந்தால், அவர் செய்தது தவறென்றாலும் உங்கள் இழப்பு சிறியதென்றே நீதிமன்றம் கருதும்.

இப்போது ஒழுங்கு நடவடிக்கைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் தனித்தனியாக மூன்று குறைகள் இருக்கின்றன. கெடுவைத் தவறவிட்டது ஒன்று. அதை உங்களிடம் சொல்லாதது இரண்டு. தீர்ப்பு வந்துவிட்ட பிறகும் “விசாரணை தள்ளிப்போயிருக்கிறது” என்று அவர் சொல்லியிருந்தால், அது மூன்று. முதலிரண்டும் கவனமின்மை, மூன்றாவது பொய். கவனமின்மைக்கு அபராதமோ கண்டனமோ இடைநீக்கமோ விதிக்கப்படலாம். பொய் அதைவிட மிகக் கடுமையாகப் பார்க்கப்படுகிறது. வழக்கறிஞரின் நேர்மையின்மை அவர் அந்தத் தொழிலுக்கே தகுதியற்றவர் என்பதைக் காட்டுமானால், வழக்கறிஞர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கமே அநேகமாக அதற்குரிய தண்டனை என்று, வழக்கறிஞர்களைத் தண்டிக்கும் அதிகாரமுள்ள மூன்று நீதிபதிகள் அமர்வு 2018இல் வகுத்துச் சொல்லியிருக்கிறது. எனவே, அவர் அந்தச் சொற்களை எந்தத் தேதியில், எந்த வழியில் சொன்னார் என்பதைத் தேடி எடுத்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் திரைப்பிடிப்பு எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியை மாற்றும்போது அந்த உரையாடல்கள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட கடிதங்களைப் படித்து வருகிறேன். பெரும்பாலான துயரங்களின் வேர் முதல் தவற்றில் இருப்பதில்லை என்பது என் கருத்து. கெடு தவறிய அன்றே ஒரு வழக்கறிஞர் கட்சிக்காரரை அழைத்து, “தவறிவிட்டது, உடனே இப்படிச் செய்யலாம்” என்று சொல்லிவிட்டால், அநேகமாக எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு மூடிமறைக்கத் தொடங்கும்போதுதான் கட்சிக்காரரின் கடையும் வீடும் ஆபத்துக்குள்ளாகின்றன.

கேள்வி: ஐயா, நான் கப்பல் பட்டறையில் வேலை செய்தபோது இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. தங்குவிடுதிக்கு வந்த ஒருவர், தான் ஒரு வக்கீலிடம் வேலை செய்வதாகச் சொல்லி, வரும் இழப்பீட்டில் 20 விழுக்காடு தரவேண்டும் என்று பேசி, எழுதாத தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வக்கீலை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. விபத்து நடந்து பத்து மாதமாகிறது. எனக்கு ஆங்கிலம் எழுத வராது. என்ன செய்வது?
– வாசகர், துவாஸ்

பதில்: தம்பி, உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரிக்கையை, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பதிவுசெய்ய வேண்டும். உங்கள் பெயரில் கோரிக்கை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று மனிதவள அமைச்சிடம் நேராகக் கேளுங்கள். அந்தச் சட்டத்தின்கீழ் இழப்பீடு பெற வழக்கறிஞர் தேவையே இல்லை. இழப்பீட்டுத் தொகை, மருத்துவர் மதிப்பிடும் உடல் ஊனத்தின் அளவையும் உங்கள் சம்பளத்தையும் வயதையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. முதலாளியின் தவறு என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அதற்கு மாறாக, முதலாளியின் கவனக்குறைவைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க விரும்பினால் மூன்றாண்டு கெடு உண்டு. ஆனால் ஒரே விபத்துக்கு இரண்டு வழிகளிலும் பணம் பெற முடியாது. எந்த வழி உங்களுக்கு நல்லது என்பதைத் தகுதியுள்ள வழக்கறிஞர் உங்களிடம் நேரில் உட்கார்ந்து, உங்களுக்குப் புரியும் மொழியில், தேவையானால் மொழிபெயர்ப்பாளரை வைத்து விளக்கியிருக்க வேண்டும்.

தங்குவிடுதிக்கு வந்த அந்த மனிதரைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். ஆள் பிடித்துத் தருபவருக்குக் காசு கொடுத்து வழக்குச் சேர்ப்பது வழக்கறிஞருக்குத் தடைசெய்யப்பட்ட செயல். நீதிமன்ற வழக்கில் கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசுவதும் தடைசெய்யப்பட்டதே. 2022இல் நடுவர் தீர்ப்பு போன்ற சிலவகை நடவடிக்கைகளுக்கு மட்டும் நிபந்தனைக் கட்டணம் (வழக்கின் முடிவைப் பொறுத்துப் பெறும் கட்டணம்) அனுமதிக்கப்பட்டபோதும், வரும் பணத்தில் பங்கு கேட்பதற்கு அனுமதி தரப்படவில்லை. தம் பெயரில் இயங்கும் உதவியாளர்களை மேற்பார்வையிட வேண்டியதும் வழக்கறிஞரின் பொறுப்பு. ஆகவே, “என் ஊழியர் செய்தார், எனக்குத் தெரியாது” என்று சொல்லி அவர் தப்பிவிட முடியாது.

இனிமேல் எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டவற்றின் பிரதியைக் கேளுங்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ, ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகளிடம் போனால், உங்கள் நிலையை எடுத்துச்சொல்லவும் எழுதவும் உதவி கிடைக்கும். ஆங்கிலம் வராது என்பதற்காகவோ ஊருக்குத் திரும்பவேண்டி வரும் என்பதற்காகவோ புகார் செய்யும் உரிமை போய்விடாது. ஆனாலும் நான் சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கோரிக்கையைப் பதிவுசெய்யுங்கள், புகார் அதற்குப் பிறகு.

கேள்வி: சட்டச் சங்கமே வழக்கறிஞர்களின் சங்கம்தானே? வழக்கறிஞர்மேல் வரும் புகாரை வழக்கறிஞர்களே விசாரித்தால் நியாயம் கிடைக்குமா? புகார் செய்ய எவ்வளவு ஆதாரம் வேண்டும்?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: ஐயம் நியாயமானதே. அதனால்தான் இந்த நடைமுறையில் பல படிகளில் வெளியாட்களை வைத்திருக்கிறார்கள். புகார் முதலில் மறுஆய்வுக் குழுவுக்குப் போகும். அதில் அரசாங்கச் சட்ட அதிகாரி ஒருவர் இருப்பார். அற்பமானது, அடிப்படையற்றது என்று தெரியும் புகார்கள் அங்கேயே நின்றுவிடும். மற்றவை விசாரணைக் குழுவுக்குச் செல்லும். அதில் வழக்கறிஞர் அல்லாத பொதுமக்களில் ஒருவரும் உறுப்பினர். அந்தக் குழுவின் அறிக்கையைப் பார்த்துச் சங்கத்தின் மன்றம் (அதன் நிர்வாகக் குழு) முடிவெடுக்கும். குறை சிறியதென்றால் மன்றமே எச்சரிக்கவோ அபராதம் விதிக்கவோ செய்யலாம். பெரியதென்றால் தலைமை நீதிபதி நியமிக்கும் ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயம் விசாரிக்கும். அது போதிய காரணம் இருப்பதாகக் கண்டால், வழக்கு மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போகும். வழக்கறிஞரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவது, ஐந்து ஆண்டுகள்வரை இடைநீக்கம் செய்வது, 100,000 வெள்ளிவரை அபராதம் விதிப்பது, கண்டிப்பது ஆகிய அதிகாரங்கள் அந்த அமர்வுக்கு உண்டு. மன்றம் உங்கள் புகாரைத் தீர்ப்பாயம்வரை கொண்டுசெல்ல மறுத்தால், அதைத் தெரிந்துகொண்ட 14 நாள்களுக்குள் நீங்களே நீதிபதியிடம் விண்ணப்பிக்கலாம். இந்தக் கடைசி உரிமையைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

இத்தனை படிகள் இருப்பதால் காலம் பிடிக்கும் என்பது உண்மை. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஒருவரின் பிழைப்பைப் பறிக்கக்கூடிய நடவடிக்கை என்பதால் அவருடைய தரப்பையும் முழுமையாகக் கேட்டாக வேண்டும். அதே நேரம், நடந்த செயலுக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு புகார் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியிருக்கும் என்பதால், “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவதும் நல்லதில்லை.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் சொல்லப்பட்டவை உண்மை என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழி அளித்து இணைக்க வேண்டும். இந்தப் படியைக் கண்டு பின்வாங்குபவர்கள் பலர். உண்மையை மட்டும் எழுதியிருந்தால் அஞ்ச எதுவுமில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதினால்தான் ஆபத்து. “அவர் என்னை ஏமாற்றிவிட்டார், அவர் ஒரு மோசடிக்காரர்” என்று எழுதாதீர்கள். தேதி வாரியாக நடந்ததை மட்டும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி:

“மார்ச் 4: அலுவலகத்தை அழைத்தேன். உதவியாளர், வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இருப்பதாகவும் மாலையில் அழைப்பார் என்றும் சொன்னார். அழைப்பு வரவில்லை. மார்ச் 11: மின்னஞ்சல் அனுப்பினேன் (இணைப்பு 3). பதில் இல்லை. மார்ச் 25: நேரில் சென்றேன். வழக்கறிஞர், விண்ணப்பம் தாக்கலாகிவிட்டது என்றார். எண்ணைக் கேட்டேன், பிறகு அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பவில்லை.”

இதில் ஒரு பெயரடைகூட இல்லை. ஆனால் படிப்பவர் எதை முடிவு செய்ய வேண்டுமோ அது அங்கே இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆவணம் இணைக்க முடிந்தால் மிக நல்லது. இல்லையென்றாலும், அன்றன்று எழுதிவைத்த குறிப்புக்கு மதிப்பு உண்டு. விதிப்படி வழக்கறிஞரும் நீங்கள் சொன்னதையும் தாம் சொன்ன ஆலோசனையையும் சந்திப்பின்போது குறித்துவைத்திருக்க வேண்டும். அவரிடம் குறிப்பே இல்லாமல் உங்களிடம் இருந்தால், அது உங்கள் பக்கத்துக்குப் பெரிய பலம்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். சட்டச் சங்கத்தின் இழப்பீட்டு நிதியைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சிலர் அதில் விண்ணப்பிக்க நினைக்கிறார்கள். வழக்கறிஞரின் நேர்மையின்மையால் பணம் இழந்தவர்களுக்காக ஏற்பட்டது அந்த நிதி. கவனக்குறைவால் வந்த இழப்பு அதில் சேராது.

கேள்வி: வழக்கறிஞர் அரைகுறையாக வேலை செய்துவிட்டு 9,000 வெள்ளிக்குப் பில் அனுப்பியிருக்கிறார். கட்டித்தான் ஆகவேண்டுமா?
– வாசகி, பொங்கோல்

பதில்: கட்டுவதற்கு முன்னால், எந்த வேலைக்கு எவ்வளவு என்று விவரமான கணக்குக் கேளுங்கள். கட்டணம் எந்த அடிப்படையில் போடப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே உங்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அப்போது கையொப்பமிட்ட கடிதத்தை எடுத்து, பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேச்சில் தீரவில்லை என்றால், கட்டணம் நியாயமானதா என்று மதிப்பிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். பில் கொடுத்து ஒரு மாதம் ஆகும்வரை வழக்கறிஞர் பொதுவாக உங்கள்மீது வழக்குப் போட முடியாது. ஆனால் பில் வந்து 12 மாதங்கள் கடந்துவிட்டாலோ, முழுத்தொகையையும் கட்டிவிட்டாலோ, சிறப்புக் காரணம் இருந்தாலொழிய நீதிமன்றம் அதை மதிப்பிடாது. எனவே, “முதலில் கட்டிவிடுவோம், பிறகு கேட்போம்” என்று நினைக்காதீர்கள். ஒப்புக்கொள்ளும் தொகை எது, மறுக்கும் தொகை எது என்று மின்னஞ்சலில் தெளிவாக எழுதிவிட்டு, பில் வந்த தேதியைக் குறித்துவையுங்கள். வேலையின் தரம் குறித்தும் குறை இருப்பதால், ஈசூன் வாசகிக்குச் சொன்ன 75பி பிரிவு முறையீடு உங்களுக்கும் பொருந்தும்.